குறைந்துபோன இரண்டு பாடங்கள்

மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிக் கதைக்கேக்க நாங்கள் சக்கர நாற்காலியில்தான் தொடங்குறம். கலிபோர்னியாவின் எட் ரொபேர்ட்ஸின் போராட்டமோ பாடசாலைச் சான்றிதழில் தொடங்கியது.

1953இல், 14 வயதில் போலியோ அவரை முடக்கியது. மூச்சுவிட 'இரும்பு நுரையீரல்' இயந்திரம் தேவைப்பட்டது. தொலைபேசி வழியாகவே வகுப்புகளைக் கேட்டுப் படித்தார். ஆனால் உடற்கல்வியும் கார் ஓட்டும் பயிற்சியும் முடிக்கேல்லை எண்டு சான்றிதழை மறுத்தார்கள். தாய் சோனா போராடி வாங்கினார்.

1962இல் பேர்க்லிப் பல்கலைக்கழகம் தயங்கித்தான் சேர்த்தது. விடுதியில் அந்த இயந்திரத்துக்கு இடமில்லை. வளாக மருத்துவமனையில் தங்கினார். வேலைக்கு உதவார் எண்டு முதலில் பண உதவி மறுத்த மாநில மறுவாழ்வுத் திணைக்களத்துக்கு, 1975இல் அவரே பணிப்பாளர்.

நோயாளிப் பிள்ளையிடம் 'ஏன் பாடம் குறைவு?' எண்டு கேட்க முதல், அந்தப் பாடம் எதுக்கு எண்டு விதியிடம் கேட்கவேணும் எண்டுதான் நாங்கள் நினைக்கிறம்.