கொலோசஸ் கணிப்பொறியின் மீட்டமைப்பு: சான்றுகள் பற்றிய ஓர் ஆய்வு

பழைய நூல் ஒன்றனைப் பதிப்பிக்கப் புகுவோர் மூல ஏடு கிடைக்காதவிடத்துப் படியெடுத்த ஏடுகளையும் மேற்கோள்களையும் துணைக்கொண்டு பாடத்தை உறுதி செய்வர். பழைய கணிப்பொறிகளை மீட்டமைப்போர் நிலையும் இதனை ஒத்ததே. உதிரி உறுப்புகளும் வரைபடங்களும் கிடைக்கும் அளவிற்கே அவர்தம் பணி செல்லும். இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போரின்போது இயங்கிய கொலோசஸ் என்னும் பொறியின் செய்தி இவ்வகையில் தனிச் சிறப்புடையது. அதன் வரைபடங்கள் தற்செயலாக அழிந்தன அல்ல, ஆணையின்படி எரிக்கப்பட்டன. அங்ஙனமிருந்தும் 1993-இல் தொடங்கி அப்பொறி மீண்டும் செய்யப்பட்டது. எச்சான்றுகளின்மேல் அது எழுந்தது, அச்சான்றுகள் எத்துணை நம்பத்தக்கன என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். கொலோசஸ் எனிக்மா மறைமொழியை உடைக்கச் செய்யப்பட்டது எனப் பலரும் எழுதுகின்றனர். அது பிழை. செருமானியப் படைத்தலைமை தன் உயர்நிலைச் செய்திகளை அனுப்பப் பயன்படுத்தியது லோரன்ஸ் என்னும் வேறொரு பொறி. அது 12 சக்கரங்களை உடையது. அப்பொறியைக் கண்ணால் காணாமலே, இடைமறித்துப் பெற்ற செய்திகளைக் கொண்டு, அதன் உள்ளமைப்பு இன்னதென உய்த்துணர்ந்தவர் வில்லியம் டட் என்னும் கணித அறிஞர். பின்னர், செய்திதோறும் சக்கரங்களின் தொடக்க நிலையைக் கண்டறிய விரைவான பொறியொன்று வேண்டியதாயிற்று. 1943-இல் அமைந்த ‘ஹீத் ராபின்சன்’ என்னும் பொறியில் இரண்டு துளைத்தாள் நாடாக்கள் ஒருங்கே ஓடவேண்டும். விரைவு மிகும்போது நாடாக்கள் நீண்டும் கிழிந்தும் இடர் விளைத்தன. அஞ்சல் துறையின் டாலிஸ் ஹில் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டாமி ஃபிளவர்ஸ் என்னும் பொறியாளர், ஒரு நாடாவை அறவே நீக்கி, அதன் வேலையை மின்னணு வால்வுகளிடம் ஒப்படைக்கலாம் என்றார்.

ஓராயிரத்துக்கு மேற்பட்ட வால்வுகள் ஒருசேரப் பழுதின்றி இயங்குமென அந்நாளில் நம்பியவர் சிலரே. ஃபிளவர்ஸ் தொலைபேசி நிலையங்களில் வால்வுகளோடு பழகியவர். வால்வுகள் பெரும்பாலும் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் செலுத்தும்போதே பழுதாகின்றன, இடைவிடாது எரியவிட்டால் நெடுநாள் உழைக்கும் என்பதை அவர் பட்டறிவால் உணர்ந்திருந்தார். முதற்பொறி 1944 சனவரியில் பிளெட்ச்லி பார்க்கை அடைந்தது. ஏறத்தாழ 2,400 வால்வுகள் கொண்ட இரண்டாம் வடிவம் அவ்வாண்டு சூன் முதல் நாள் இயங்கலாயிற்று. நாடா நொடிக்கு 5,000 எழுத்துகள் என்னும் விரைவில் ஓடியது. ஆய்வின்போது 9,700 வரை ஓட்டிப் பார்த்ததில் நாடா அறுந்ததாம். நாடாவின் நடுவிலுள்ள சிறு துளைகளை ஒளியாற் படித்து, அவற்றினின்றே பொறி முழுமைக்கும் காலக்கணக்கினை எடுத்தமையால், நாடா நீளினும் சுருங்கினும் கணக்குப் பிறழாது. இது மிக நுட்பமான ஏற்பாடு. மீட்டமைப்பின்போதும் இதுவே பெருந்துணையாயிற்று.

போர் முடிவில் 10 பொறிகள் இயங்கின. அவற்றுள் எட்டு பிரித்தழிக்கப்பட்டன. எஞ்சிய இரண்டும் அரசின் மறைமொழித் துறையிடம் சென்று, 1960-ஐ ஒட்டி அவையும் மறைந்தன. வரைபடங்களை அழிக்குமாறு ஃபிளவர்ஸுக்கு ஆணை பிறந்தது. தம் கையால் வரைந்தவற்றையும் தம்மவர் வரைந்தவற்றையும் டாலிஸ் ஹில் உலைக்களத்தில் அவரே இட்டு எரித்தார். இதன் விளைவு சிறிதன்று. 1946-இல் அமெரிக்காவில் எனியாக் என்னும் பொறி வெளிப்படையாகக் காட்டப்பட்டபோது, பெருமளவில் வால்வுகளைக் கொண்டு இயங்கிய முதற் கணிப்பொறி அதுவே என உலகம் கொண்டது. அக்கூற்றை மறுக்கவல்ல மனிதர் வாய் திறத்தலும் கூடாதவராயினர். முப்பது ஆண்டளவு இந்நிலை நீடித்தது. 1975-இல் பிரித்தானிய அரசு சில ஒளிப்படங்களை வெளியிட்ட பின்னரே பிரையன் ரேண்டல் முதலிய ஆய்வாளர் இது குறித்து எழுத இயன்றது.

மீட்டமைப்பைத் தொடங்கியவர் டோனி சேல் என்பவர். அறிவியல் அருங்காட்சியகத்தில் பழைய கணிப்பொறிகளைப் பழுதுபார்த்தவர். 1989-இல் கணிப்பொறிப் பாதுகாப்புக் கழகத்தை நிறுவியவருள் ஒருவர். 1993-இல் அவர் கையிலிருந்த சான்றுகள் மிகச் சில. 1945-இல் எடுத்த எட்டு ஒளிப்படங்களும், சுற்று வரைபடங்களின் சிதறல்கள் சிலவுமே அவை. இச்சிதறல்கள் எங்ஙனம் எஞ்சின? பொறியாளர் சிலர் ஆணைக்கு மாறாகத் தம்மிடம் ஒளித்து வைத்துக்கொண்டவை அவை. மறைபொருட் சட்டத்தில் கையொப்பமிட்டவர் செய்த இச்செயல் குற்றமே. ஆயினும் ஆணைக்குப் பணிந்த ஃபிளவர்ஸிடமிருந்து வரலாற்றுக்கு ஒரு தாளும் கிட்டவில்லை என்பதும், பணியாதவர் காத்த தாள்களின்றிப் பொறியின் உள்ளமைப்பை அறிய வழியே இராது என்பதும் மறுக்கவொண்ணாதவை. போர் நடக்கும்போது மறைத்தல் வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. போர் முடிந்து பதினைந்து ஆண்டு கழிந்தபின் எரிக்கச் செய்தது வேண்டாத செயல் என்றே கருதுகின்றோம். பூட்டி வைத்தலே போதியதாயிருந்திருக்கும்.

ஒளிப்படங்களிலிருந்து அளவுகளைப் பெறுதல் எளிய வேலையன்று. சட்டங்கள் சாய்வாகத் தோன்றும்; அருகிலுள்ளது பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் தெரியும். சேல் பல மாதங்கள் அப்படங்களையே நோக்கியிருந்து, கணினியின் துணையால் கோணங்களைத் திருத்தி, சட்டங்களின் வரைபடங்களை மீள வரைந்தார். தொடக்கத்தில் பொருளுதவி செய்வார் இல்லாமையின், அவரும் அவர்தம் மனைவியாரும் சொந்தப் பணத்தைச் செலவிட்டே பணியைத் தொடங்கினர்.

உறுப்புகளைப் பொறுத்தவரை காலம் அவர்க்குத் துணைநின்றது. கொலோசஸ் அஞ்சல் துறையினர் செய்த பொறியாதலால், அதிலுள்ள ரிலேக்கள், யூனிசெலக்டர்கள், இணைப்புத் துளைகள், திறப்பான்கள், உருக்குச் சட்டங்கள் யாவும் அந்நாளைய தொலைபேசி நிலையங்களில் வழங்கியவையே. அவ்வகை நிலையங்கள் கழற்றி எறியப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் மீட்டமைப்புத் தொடங்கியது. அதனால் 1943-இல் பொருத்தியவற்றோடு வகையில் வேறுபடாத உறுப்புகள் கிட்டின. வால்வுகள் பழைய சரக்குகளிலிருந்து திரட்டப்பட்டன. இருபது ஆண்டு காலந்தாழ்த்தித் தொடங்கியிருப்பின் இவற்றுள் பலவற்றைப் புதிதாகச் செய்தல் வேண்டும். அப்போது ‘மீட்டமைப்பு’ என்னும் சொல்லே பொருந்துமோ என்பது ஐயத்திற்குரியது.

மூன்றாவது சான்று மாந்தர் நினைவு. நாடாவை ஒளியாற் படிக்கும் கருவியைப் போர்க்காலத்தில் வடிவமைத்த ஆர்னால்ட் லின்ச் அப்போதும் உயிரோடிருந்தார். அரை நூற்றாண்டுக்குப் பின் அக்கருவியை மீண்டும் வடிவமைக்க அவரே உதவினார். எனினும் நினைவுச் சான்றுக்கு ஓர் எல்லையுண்டு. மறைவு கருதி அவரவர் பகுதியை மட்டுமே அவரவர் அறிந்திருந்தனர். ஒருவர் சட்டத்தை அறிவார், அதில் ஓடும் கணக்கை அறியார். பொறியை இயக்கிய மகளிர் திறப்பான்களின் பயனை அறிவர், உட்சுற்றை அறியார். ஆதலின் ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடும், இரண்டையும் ஒளிப்படத்தோடும் ஒப்பிட்டே கொள்ள வேண்டியதாயிற்று.

1996 சூன் 6-ஆம் நாள், நாடாவின் ஐந்து தடங்களுள் இரண்டினை மட்டும் கையாளும் நிலையில், பொறி முதன்முறையாக இயக்கிக் காட்டப்பட்டது. ஃபிளவர்ஸ் அவ்விழாவில் இருந்தார். அடுத்த இரண்டாண்டில், 1998-இல், காலமானார். இதற்கிடையே எதிர்பாராத திசையிலிருந்து ஒரு புறச்சான்று வந்தது. போர்க்காலத்தில் பிளெட்ச்லி பார்க்கில் பணியாற்றிய அமெரிக்கர் தம் நாட்டிற்கு எழுதியனுப்பிய அறிக்கைகள், 1990-களின் நடுவில் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் வெளியாயின. இங்கிலாந்தில் எரித்தது அமெரிக்காவில் குறிப்பாக எஞ்சியிருந்தது! பின்னர் 2000-இல், குட், மிக்கி, டிம்ஸ் என்னும் மூவர் 1945-இல் எழுதிய விரிவான அறிக்கையைப் பிரித்தானிய அரசே வெளியிட்டது. இவற்றால் பொறியின் பணிமுறை தெளிவுற்றது. 2007-இல் இரண்டாம் வடிவப் பொறி முற்றுப்பெற்றது. ஒன்பதாம் கொலோசஸ் நின்ற அதே ‘எச்’ கட்டடத்தில் அது நிற்கின்றது.

அவ்வாண்டு நவம்பரில் ஓர் ஆய்வு நிகழ்ந்தது. செருமனியின் பாடர்போர்ன் நகரிலிருந்து லோரன்ஸ் மறைமொழியில் செய்தி வானொலியில் அனுப்பப்பட்டது. மீட்டமைத்த பொறி அதனை மூன்று மணி நேரத்திற்குமேல் உழைத்து உடைத்தது. அதற்கு முன்னரே பான் நகரத்து ஆர்வலர் ஒருவர் தம் மடிக்கணினியில் 46 நொடியில் சக்கர நிலைகளைக் கண்டுவிட்டார் என்பது வேறு செய்தி. யாம் இங்கு எழுப்பும் வினா வேறு. பொறி வேலை செய்தது என்பதால் அதன் ஒவ்வொரு சுற்றும் 1944-இல் இருந்தவாறே உள்ளது என்று கொள்ளலாமா? கொள்ளவியலாது. ஒரே வேலையைப் பல சுற்றுகள் செய்தல் கூடும். பொருள் இனிது முடியும் பாடமெல்லாம் மூலபாடமாகிவிடாது என்பதை இவ்விதழ் படிப்போர் நன்கறிவர்.

இதற்கு ஒப்புநோக்கத்தக்கது கேம்பிரிட்ஜில் 1949-இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் என்னும் பொறி. அதனையும் ஒளிப்படங்களைக் கொண்டே மீளச் செய்யத் தொடங்கினர். பணி நடந்துகொண்டிருந்தபோதே, 2014-இல், முன்னாட் பொறியாளர் ஒருவர் காத்து வைத்திருந்த 19 வரைபடங்கள் கிட்டின. செய்தது பெரும்பாலும் சரியே என அவை காட்டின. அறியாதிருந்த சில நுட்பங்களையும் உணர்த்தின. ஊகம் வீணன்று, ஆயின் அது ஆவணத்திற்கு ஈடன்று என்பதற்கு இஃது ஏற்ற சான்று. கொலோசஸில் எவ்வுறுப்பு ஒளிப்படத்தாலும், எது வரைபடத் துண்டாலும், எது நினைவாலும், எது ஊகத்தாலும் அமைந்ததென உறுப்புதோறும் குறித்து வைத்தல் இன்றியமையாதது என்பது எம் துணிபு. ஏனெனில் சான்றுகள் இன்னும் வந்துகொண்டேயிருக்கின்றன. 2024 சனவரியில், முதற்பொறி பிளெட்ச்லி பார்க்கை அடைந்து 80 ஆண்டு நிறைந்ததை ஒட்டி, அதுகாறும் வெளிவராத ஒளிப்படமும் வரைபடங்களும் அந்நாட்டு மறைமொழித் துறையால் வெளியிடப்பட்டன. அவற்றை மீட்டமைத்த பொறியோடு சுற்றுதோறும் ஒப்பிட்டுக் காணும் வேலை இனி ஆய்வாளர்க்குரியது.