மங்கிய பிம்பங்களின் மீட்சியில் அனுமானத்தின் இடம்

1990 ஏப்ரலில் விண்ணில் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் விட்டமுள்ள முதன்மை ஆடி, விளிம்பில் சுமார் 2.2 மைக்ரான் அளவுக்கு வேண்டியதினும் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தமையால், புள்ளியாகக் குவியவேண்டிய நட்சத்திர ஒளி பரந்து சிதறியது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று சீர்செய்யும் வரையில், கிடைத்த படங்களைக் கணிதத்தின் துணைகொண்டே தெளிவாக்க வேண்டியிருந்தது. கெட்ட பிம்பத்திலிருந்து மூலப் பிம்பத்தை அறிகிறோம் என்னும்போது அவ்வறிவுக்குப் பிரமாணம் யாது என்பதே இங்கு எழும் வினா. தரவு மட்டும் போதிய பிரமாணமாகாது என்பதும், தான் கொள்ளும் அனுமானத்தை வெளிப்படக் கூறும் முறையே நம்பத்தக்கது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

மங்கல் என்பது ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் அண்டைப் புள்ளிகளில் குறித்த விகிதப்படி கலத்தலாகும். பிம்பத்தை அலைகளாகப் பகுத்து நோக்கும் ஃபூரியே முறையில் ஒவ்வோர் அதிர்வெண்ணும் ஓர் எண்ணால் பெருக்கப்பட்டிருப்பதால், அதே எண்ணால் வகுத்தால் மூலம் கிட்டும் என்று தோன்றும். ஆயினும், நுண்விவரங்களைத் தாங்கும் உயர் அதிர்வெண்களில் அவ்வெண் ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கியிருக்குமாயின், அங்கு ஓரலகே இருந்த இரைச்சல் வகுத்தபின் ஆயிரம் அலகாகப் பெருகிப் பிம்பத்தையே மூழ்கடித்துவிடும். தரவின் சிறுமாற்றம் விடையைப் பெரிதும் குலைக்கும் இத்தகைய வினாக்களின் இயல்பைப் பிரெஞ்சுக் கணித மேதை ஹடமார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெளிவுறுத்தினார்.

1963இல் சோவியத் கணிதவியலர் டிகனோவ் வகுத்த ஒழுங்குபடுத்தும் முறை, விடை தரவோடு பொருந்துவதுடன் கட்டுக்கடங்கியும் இருக்கவேண்டும் என்று விதித்தது. அண்டைப் புள்ளிகளின் வேறுபாட்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையை அபராதமாக விதிப்பது அதன் வழக்கமான ஒரு வடிவம். 0 இலிருந்து 100க்கு ஒளி ஒரே தாவலில் உயரும் விளிம்புக்கு அபராதம் 10,000. அதே உயர்வு பத்துச் சமபடிகளில் நிகழ்ந்தால் 1,000 மட்டுமே. ஆகவே அம்முறை கூரிய விளிம்பைத் தேய்த்துச் சரிவாக்கவே விரும்பும். வர்க்கத்தை விடுத்து வேறுபாட்டின் அளவையே கூட்டும் முறையை 1992இல் ருடின், ஓஷர், ஃபதேமி ஆகிய மூவரும் முன்வைத்தனர். அதில் இரண்டு நிலைகளுக்கும் அபராதம் 100தான் என்பதால் விளிம்பு பிழைக்கிறது. ஆயின் மெல்லச் சாயும் நிழலை இம்முறை படிக்கட்டாக்கிவிடுவதுண்டு. எந்த அனுமானமும் தனக்குரிய பிழையைத் தன்னுடனே கொண்டுவருகிறது.

அனுமானம் கலவாத முறையே தூயது என்பார் உளர். 1972இல் ரிச்சர்ட்சனும் 1974இல் லூசியும் தனித்தனியே கண்ட முறையை நோக்குக. ஊகித்த பிம்பத்தை மங்கச்செய்து, பெற்ற தரவோடு ஒப்பிட்டு, விகிதப்படி திருத்தி, மீண்டும் மீண்டும் தொடரும் அம்முறை வெளிப்படையான அபராதம் எதனையும் விதிப்பதில்லை. ஆனால் நெடிது தொடர்ந்தால் இரைச்சல் பெருகுமாதலால், எங்கு நிறுத்துவது என்னும் தீர்மானத்திலேயே அனுமானம் மறைந்து நிற்கிறது. ஹப்பிளின் படங்களில் ஒளிமிக்க பொருள்களை இத்தகைய முறைகள் தெளிவாக்கின. இரைச்சலில் அமிழ்ந்த மங்கலான பொருள்களுக்கோ ஒளியியல் திருத்தமே வேண்டியிருந்தது.

பல்லாயிரம் படங்களில் பயின்ற நரம்பு வலையமைப்புகள் இன்று இப்பணியைச் செய்கையில், அனுமானம் எண்ணற்ற எடைகளுக்குள் கரைந்து கண்ணுக்குப் புலப்படாது போகிறது. நோயறியும் படத்திலும் நீதிமன்றச் சான்றிலும் இதன் விளைவு பெரிதாகலின், மீட்ட பிம்பத்துடன் மூலத் தரவையும், கொண்ட அனுமானத்தையும் சேர்த்தே வழங்குதல் ஆய்வாளரின் கடமையாகும்.