திருமுதுகுன்றத்துக் கோயில்வெளி

விருத்தாசலம் என இன்று வழங்கும் ஊரின் பழந்தமிழ்ப் பெயர் திருமுதுகுன்றம் என்பதாம். பீங்கான் தொழிலால் இக்காலத்துப் பெயர்பெற்ற இவ்வூர், மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் திருக்கோயிலைச் சூழ வளர்ந்தது. கி.பி. 10-ஆம் நூற்றாண்டில், உத்தமசோழன் ஆட்சிக் காலத்தில், அவன் அன்னையார் செம்பியன்மாதேவியார் இதனைக் கற்றளியாக எடுப்பித்தார். கற்றளியை ஆராய்வோர் அதனைச் சூழ்ந்த வெளியைத் தனியே நோக்குதல் அரிது. மரமும் வீதியும் ஆற்றுத்துறையும் அடங்கிய அவ்வெளியும் வரலாற்றுச் சான்றே என்பதும், அதனைப் புறக்கணிக்கும் திருப்பணி நிறைவுடையதாகாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் தலமரபை நோக்குவோம். இத்தலத்தின் மரம் வன்னி. விபசித்து முனிவர் திருப்பணி செய்வித்தபோது வன்னியின் இலைகளையே கூலியாக அளித்தார் என்றும், அவை அவரவர் உழைப்பிற்கேற்பப் பொன்னாயின என்றும் தலவரலாறு கூறும். சுந்தரர் ஈண்டுப் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தமை பெரியபுராணத்தால் அறியப்படும். மாசிமகப் பெருவிழாவில் தேர்கள் வீதிகளில் உலா வருகின்றன. தீர்த்தவாரி ஆற்றில் நிகழ்கின்றது. ஆகவே இத்தலத்தின் நினைவுகள் கருவறைச் சுவர்களுக்குள் அடங்குவன அல்ல. மரத்தையும் ஆற்றையும் வீதியையும் பற்றி நிற்பன.

அடுத்து, ஊரின் அரசியல் வரலாற்றை நோக்குவோம். கோயிலைச் சூழ்ந்த தெருக்கள் கோட்டை வீதிகள் எனப் பெயர் பெற்றுள்ளன. உயர்ந்த மதில்களையுடைய இக்கோயில் கருநாடகப் போர்க்காலத்தில் அரணாகப் பயன்பட்டது. 1751-இல் திருச்சிராப்பள்ளிக்குத் துணையாகச் சென்ற ஆங்கிலப் படை இதனைக் கைப்பற்றியது. இராபர்ட்டு கிளைவும் அப்படையுடன் சென்றிருந்தான். அக்காலத்துப் புதுச்சேரிக் கோட்டையோ 1761-இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. அக்கோட்டை நின்ற நிலம் பின்னர் நகரின் நடுவெளியாயிற்று. ஆயி மண்டபத்துடன் பாரதி பூங்கா இன்று அங்கு விளங்குகின்றது. அங்குக் கோட்டை மறைந்தும் அதன் நிலம் காக்கப்பட்டது. இங்கோ கோயில் நிலைத்தது. அரணாயிருந்த காலத்தின் நினைவு தெருப்பெயரில் தங்கியது. எனவே தெருப்பெயரை மாற்றுவதும் ஒரு சான்றினை அழிப்பதேயாம்.

காப்பதற்கு முதற்கருவி பதிவு என்பதை இக்கோயிலின் அண்மை வரலாறே காட்டுகின்றது. இதன் புறச்சுவர் மாடத்திலிருந்த அர்த்தநாரீசுவரர் கற்படிமம் களவு போயிற்று. ஆசுத்திரேலியாவின் நியூ சவுத்து வேல்சு கலைக்கூடம் அதனை 2004-இல் விலைக்கு வாங்கியது. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் முன்னர் எடுத்துவைத்திருந்த ஒளிப்படமே அது இக்கோயிலுக்குரியது என்பதை நிலைநாட்டத் துணைபுரிந்தது. 2014-இல் அப்படிமம் இந்தியாவிற்குத் திருப்பியளிக்கப்பட்டது.

களவுபோன படிமம் மீளக்கூடும். தேர் திரும்பும் வீதிமுனையோ ஆற்றுக்கு இறங்கும் துறையோ அடைபட்டால், அதன் பழைய எல்லையை உரைக்க ஒளிப்படமும் அளவுப்படமும் இன்றியமையாதன. இக்கோயிலின் திருக்குடமுழுக்கு 2022-இல் நடைபெற்றது. அடுத்த திருப்பணிக்கு முன்னரேனும் மதிற்புறம், கோட்டை வீதிகள், வன்னி மரம், ஆற்றுத்துறை ஆகியவற்றை அளந்து படமெழுதுதல் வேண்டும். கல்வெட்டுகளைப் படியெடுக்கும் ஆய்வு மாணவர் இதனையும் தம் கடனாகக் கொள்வாராயின், திருப்பணி செய்வோர்க்கு அது உறுதியான சான்றாக அமையும்.