மோப்பத்தில் புலப்படும் புற்றுநோய்: நாயின் மூக்கு மருத்துவப் பரிசோதனை ஆகுமா?

ஆனேக்கல் (பெங்களூரு): இந்தியாவில் புற்றுநோய் முற்றிய நிலையில் மருத்துவமனையை நாடுவோரே அதிகம். சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் சுமார் 14.1 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் ஏற்பட்டது; 9.1 லட்சத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். நோயை முன்கூட்டியே அறியும் எளிய வழிகளைத் தேடும் ஆய்வாளர்களின் கவனம் விலங்குகளின் மோப்ப சக்தியின் மீதும் திரும்பியுள்ளது.

பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடியில், ஓசூரை ஒட்டி அமைந்துள்ள ஆனேக்கல் தாலுகா இத்தேவையை நன்கு உணர்த்துகிறது. இங்குள்ள பொம்மசந்திராவில் புற்றுநோய்க்கெனத் தனி மையம் கொண்ட பெரிய மருத்துவமனை வளாகம் செயல்படுகிறது. ஆயினும், பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி தொழிற்பேட்டைகளில் உழைக்கும் ஒருவர், உடலில் எந்த அறிகுறியும் தெரியாதபோது ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பரிசோதனைக்குச் செல்வது எளிதன்று. மூச்சுக்காற்றைக் கொடுத்தாலே போதும் என்ற சோதனை வந்தால், அது பலருக்கும் பயன்படும்.

புற்றுநோய்க்கு மணம் உண்டா?

புற்றுநோய் செல்களின் வளர்சிதை மாற்றம் இயல்பான செல்களினின்று வேறுபட்டது. அதனால் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களின் அளவும் கலவையும் மாறுகின்றன. இவை இரத்தத்தில் கலந்து மூச்சு, சிறுநீர், வியர்வை வழியாக வெளியேறுகின்றன. மனித மூக்குக்கு எட்டாத அளவில் இருக்கும் இக்கலவையை நாய்கள் பிரித்தறியும் என்பதே இத்துறையின் அடிப்படை. மனிதனுக்குச் சில பத்து லட்சங்களாக உள்ள மோப்ப உணர் செல்கள், நாய்களுக்குப் பல கோடிகளாக உள்ளன.

ஆய்வுகள் கடந்து வந்த பாதை

1989ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் பிரிட்டன் மருத்துவர்கள் இருவர் எழுதிய கடிதமே இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. ஒரு பெண்ணின் காலில் இருந்த மச்சத்தை அவருடைய வளர்ப்பு நாய் இடைவிடாமல் முகர்ந்து வந்தது. பரிசோதித்தபோது அது மெலனோமா எனும் தோல் புற்றுநோய் எனத் தெரியவந்தது.

2004ஆம் ஆண்டு பிரிட்டனில் 6 நாய்களுக்குச் சிறுநீர் மாதிரிகள் மூலம் சிறுநீர்ப்பைப் புற்றுநோயைக் கண்டறியப் பயிற்சி அளிக்கப்பட்டது. அவை 54 முயற்சிகளில் 22 முறை, அதாவது 41 விழுக்காடு சரியாகத் தேர்ந்தெடுத்தன. குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்தால் 14 விழுக்காடே கிடைத்திருக்கும். ஆரோக்கியமானவர் எனக் கருதப்பட்ட ஒருவரது மாதிரியையும் நாய்கள் தொடர்ந்து சுட்டிக்காட்டின. அவரை மீண்டும் பரிசோதித்ததில் சிறுநீரகத்தில் புற்றுநோய் இருந்தது தெரியவந்தது.

2024ஆம் ஆண்டு 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியான இஸ்ரேல் ஆய்வில் 1,386 பேரின் மூச்சு மாதிரிகள் பயன்படுத்தப்பட்டன. லாப்ரடார் நாய்களின் நடத்தையைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு ஆராய்ந்த இம்முறை, மார்பகம், நுரையீரல், புராஸ்டேட், பெருங்குடல் ஆகிய நான்கு வகைப் புற்றுநோய்களில் சுமார் 94 விழுக்காட்டைக் கண்டறிந்தது. நோய் இல்லாதவர்களில் சுமார் 94 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கியது.

பெங்களூருவில் டாக்னோசிஸ் என்ற புத்தொழில் நிறுவனம் இதே துறையில் இயங்கி வருகிறது. முகக்கவசத்தில் சேகரிக்கப்படும் மூச்சு மாதிரிகளைப் பயிற்சி பெற்ற நாய்கள் முகர, அவற்றின் எதிர்வினைகளை உணரிகள் பதிவு செய்கின்றன. மென்பொருள் அவற்றைப் பகுத்தாய்கிறது.

இந்தியாவுக்கு இத்தகைய முயற்சி முற்றிலும் புதிதன்று. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில், கரோனா தொற்றை வியர்வை, சிறுநீர் மாதிரிகள் மூலம் கண்டறியும் நாய்களை ராணுவம் டெல்லியில் அறிமுகப்படுத்தியது. அவற்றில் தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை இனமும் இடம்பெற்றிருந்தது.

எறும்பும் புழுவும்

நாய்களுடன் இம்முயற்சி நின்றுவிடவில்லை. 'சி. எலிகன்ஸ்' எனும் நுண்புழு, புற்றுநோயாளிகளின் சிறுநீரை நோக்கி நகர்வதை ஜப்பான் ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டு தெரிவித்தனர். புற்றுநோய் செல்களின் மணத்தை ஃபார்மிகா ஃபஸ்கா வகை எறும்புகள் மூன்றே பயிற்சிகளில் கற்றுக்கொள்வதாக 2022ஆம் ஆண்டு பிரான்ஸ் ஆய்வாளர்கள் அறிவித்தனர். இவ்விரண்டையும் வளர்ப்பதற்கும் பழக்குவதற்கும் நாயைவிடக் குறைந்த காலமும் செலவுமே ஆகும்.

தடைகள் எவை?

நோயாளிகளின் மாதிரி மருத்துவமனையிலும், ஆரோக்கியமானவர்களின் மாதிரி வேறிடத்திலும் எடுக்கப்பட்டால், நாய் புற்றுநோயை விடுத்து மருத்துவமனை மணத்தையே கற்றுக்கொள்ளக் கூடும். விடை அறிந்த பயிற்சியாளர் அருகில் நின்றால், அவரது உடல்மொழியே குறிப்பாகிவிடும். எனவே எந்த மாதிரி யாருடையது என்பது அங்கிருக்கும் எவருக்கும் தெரியாத வகையில் சோதனை நடைபெற வேண்டும். நாயின் களைப்பு, பசி, ஆர்வம் ஆகியவையும் முடிவை மாற்றும்.

இவற்றினும் பெரிய சிக்கல் எண்ணிக்கையில் உள்ளது. எடுத்துக்காட்டாக, ஒரு லட்சம் பேரில் 500 பேருக்குப் புற்றுநோய் இருப்பதாகக் கொள்வோம். இரு அளவீடுகளிலும் 94 விழுக்காடு துல்லியம் கொண்ட சோதனை, 470 பேரைச் சரியாகக் கண்டறியும். 30 பேரைத் தவறவிடும். ஆனால் நோயில்லாத 99,500 பேரில் 5,970 பேருக்கும் நோய் இருப்பதாகச் சொல்லும். ஆக, சோதனை சுட்டிக்காட்டும் ஏறத்தாழ 14 பேரில் ஒருவருக்கே புற்றுநோய் இருக்கும். மற்றவர்களுக்கு அச்சமும் ஸ்கேன் செலவும் மிஞ்சும். தவறவிடப்படும் 30 பேருக்கோ, பொய்யான நிம்மதி கிடைத்துச் சிகிச்சை தாமதமாகும்.

திண்டுக்கல் காட்டிய அளவுகோல்

புதிய சோதனை எதுவாயினும், அது உயிரிழப்பைக் குறைக்கிறதா என்பதே இறுதிக் கேள்வி. அதற்கான விடையைத் தமிழ்நாடு முன்பே தந்துள்ளது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடம் அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பை வாயைக் கண்ணால் பார்த்துப் பரிசோதிக்கும் எளிய முறை ஆராயப்பட்டது. பரிசோதனைத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணங்கள் 35 விழுக்காடு குறைந்ததாக 2007ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் முடிவுகள் வெளியாயின. விலங்குகளின் மோப்பத்தை நம்பிய சோதனைகள் எதுவும் இத்தகைய சான்றை இன்னும் எட்டவில்லை. ஆகவே அவை உறுதிப் பரிசோதனைக்கு மாற்றாகா. யாருக்கு மேற்பரிசோதனை தேவை எனச் சுட்டும் முதற்படியாக மட்டுமே அமையக் கூடும்.

இப்போது செய்ய வேண்டியது

30 வயதைக் கடந்தோருக்கு வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கான பரிசோதனை அரசுத் திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாக வழங்கப்படுகிறது. ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிடாய் நின்ற பின் இரத்தப்போக்கு, காரணமின்றி உடல் எடை குறைதல், நீடிக்கும் இருமல் அல்லது குரல் மாற்றம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும்.