வீங்கிய வயிறும் எதிரொலியும்

வயிறு வீங்கப் பல காரணங்கள் உண்டு. கொழுப்பு, காற்று, தேங்கிய மலம், கரு, கட்டி, நீர் என எதுவும் உள்ளே இருக்கலாம். இவற்றுள் மருத்துவர்களை நெடுங்காலம் திணறடித்தது நீர்தான். நீர் என்று தெரிந்த பிறகும், அது வயிற்றறையில் தளும்பிக் கிடக்கிறதா, ஒரு பைக்குள் அடைபட்டிருக்கிறதா என்ற கேள்வி மிஞ்சும். தளும்பும் நீரைச் சித்த மருத்துவம் மகோதரம் என்று அறியும். பெண்களின் வயிற்றில் அடைபட்டு நிற்கும் நீர் பெரும்பாலும் சூலகக் கட்டியுடையது. மகோதரத்துக்குக் கத்தியெடுத்துப் பயனில்லை; சூலகக் கட்டியை அறுத்து எடுத்துவிட்டால் நோயாளி பிழைத்துக்கொள்வார். இந்த வேறுபாட்டைக் கண்டறியும் தேவைதான் உள்ளுறுப்புகளைப் படம் பிடிக்கும் கருவிகளை வயிற்றின் பக்கம் இழுத்து வந்தது.

கருவிகளுக்கு முன்பு கையும் காதும் இருந்தன. நீர் கோத்த வயிறு நீர் நிரம்பிய தோற்பையைப் போலத் தளும்பும் என்று சரக சம்ஹிதை குறித்தது. தொப்புளுக்குக் கீழே இடப்பக்கம் துளையிட்டுக் குழாய் செருகி நீரை இறக்கும் முறையைச் சுஸ்ருத சம்ஹிதை விவரிக்கிறது. முழு நீரையும் ஒரே நாளில் எடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. இன்றும் ஊசி குத்த இடது கீழ்வயிற்றையே பல மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தட்டினால் முரசுபோல் முழங்கும் வயிற்றில் இருப்பது காற்று என்று கிரேக்கர்கள் பிரித்தறிந்தார்கள். வியன்னா மருத்துவர் லியோபோல்ட் அவுன்புருக்கர் 1761இல் மார்பைத் தட்டி நோயறியும் முறையை நூலாக வெளியிட்டார். பிரான்சில் கோர்விசார் அதை 1808இல் மொழிபெயர்த்த பிறகே அம்முறை பரவலாயிற்று.

வயிற்றைத் தட்டுவதிலும் நுட்பமான ஒரு கணக்கு இருக்கிறது. மகோதர நோயாளி மல்லாந்து படுத்தால் நீர் விலாப்பக்கம் இறங்கும். காற்றுள்ள குடல் மிதந்து நடுவுக்கு வரும். ஆகவே நடுவயிறு முழங்கும், ஓரங்களில் ஒலி மங்கும். சூலகக் கட்டி குடலை ஓரத்துக்குத் தள்ளிவிடுவதால் எல்லாம் தலைகீழாகும். நோயாளியை ஒருக்களிக்கச் செய்து மங்கல் ஒலி இடம் மாறுகிறதா என்று பார்ப்பது அடுத்த சோதனை. அழகான முறைதான். ஆனால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர் சேரும்வரை அது பேசாது. பருத்த உடலில் அப்போதும் தடுமாறும். நோய் முற்றிய பிறகே உறுதியாகச் சொல்ல முடிந்த காலம் அது. இசைமேதை பீத்தோவனுக்கு 1826 டிசம்பருக்கும் 1827 பிப்ரவரிக்கும் இடையே நான்கு முறை வயிற்றில் துளையிட்டு நீர் இறக்கினார்கள். மார்ச் 26இல் அவர் இறந்தபின் நடந்த பிணக்கூறாய்வில்தான் கல்லீரல் சுருங்கிக் கெட்டுப்போயிருந்தது கண்ணுக்குத் தெரிந்தது.

1895இல் ரோண்ட்கன் கண்டுபிடித்த எக்ஸ்ரே எலும்புக்குக் கொடுத்த தெளிவை வயிற்றுக்குக் கொடுக்கவில்லை. நீரும் தசையும் அக்கதிரை ஏறக்குறைய ஒரே அளவில்தான் தடுக்கின்றன. நிறைய நீர் இருந்தால் படம் முழுவதும் சாம்பல் படர்ந்ததுபோல் மங்கும்; குடல் வளையங்கள் நடுவில் குவியும். அதற்கு மேல் ஊகம்தான். பேரியக் கரைசலைக் குடிக்கவைத்து எடுத்த படங்கள் இரைப்பை, குடல் ஆகியவற்றின் உட்புறத்தை வரைந்து காட்டினவே தவிர, அவற்றுக்கு வெளியே இருப்பதைக் காட்டவில்லை.

வழி திறந்தது கப்பல் கட்டும் ஊரான கிளாஸ்கோவில். அங்கே மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்டு இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றியவர். ரேடாரையும் சோனாரையும் அறிந்தவர். உலோகத்தில் உள்ள விரிசலைக் கேளா ஒலியின் (அல்ட்ராசவுண்ட்) எதிரொலியால் கண்டுபிடிக்கும் கருவிகள் அப்போது தொழிற்சாலைகளில் புழங்கின. 1955 ஜூலையில் டொனால்டு, அறுவைச் சிகிச்சையில் எடுத்த கருப்பைக் கட்டிகளையும் சூலக நீர்க்கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கொதிகலன் ஆலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஆலைக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டைத் தயாராக வைத்திருந்தார்கள். திடக்கட்டி ஒருவிதமாகவும் நீர்க்கட்டி வேறுவிதமாகவும் எதிரொலித்தன. நீர்க்கட்டியில் ஒலி தடையின்றிப் பாய்ந்து மறுபக்கச் சுவரில் மோதித் திரும்பியது. மகப்பேற்றுக்குப் புகழ்பெற்ற அல்ட்ராசவுண்ட், அத்துறையில் கால் வைத்தது கருவைப் பார்க்க அல்ல, கட்டியைப் பார்க்கத்தான் என்பது இன்று பலரும் மறந்துவிட்ட செய்தி.

கருவி தயாரிக்கும் கெல்வின் அண்ட் ஹியூஸ் நிறுவனத்தின் இளம் பொறியாளர் டாம் பிரவுனும் மருத்துவர் ஜான் மக்விக்கரும் டொனால்டுடன் சேர்ந்தார்கள். அப்போது அவர்களிடம் வந்தது ஒரு பெண்ணின் வயிறு. பெரிதாக வீங்கியிருந்தது. பேரியம் படத்தை வைத்து, பரவிவிட்ட இரைப்பைப் புற்றுநோய், அதனால் கோத்த நீர் என்று முடிவுகட்டியிருந்தார்கள். அறுவைச் சிகிச்சைக்கு இடமில்லை என்பது தீர்ப்பு. ஆனால் டொனால்டின் கருவி காட்டிய எதிரொலி தளும்பும் நீருக்கு உரியதாக இல்லை. அது மகோதரமாக இருந்தால் நீரில் மிதக்கும் குடலின் காற்று ஒலியை வழியிலேயே திருப்பி அடித்திருக்கும். இங்கோ ஒலி நெடுந்தூரம் தடையின்றிப் போய்த் தொலைவில் இருந்த ஒரு சுவரிலிருந்து திரும்பியது. வயிற்றைத் திறந்தபோது உள்ளே இருந்தது பெரிய சூலக நீர்க்கட்டி. அதை அகற்றினார்கள், அவர் பிழைத்தார். அதுவரை டொனால்டின் முயற்சியை வேடிக்கை பார்த்தவர்கள் அதற்குப் பிறகு நோயாளிகளை அனுப்பத் தொடங்கினார்கள். மூவரும் எழுதிய கட்டுரை 1958 ஜூன் 7 தேதியிட்ட ‘லான்செட்’ இதழில் வந்தது. அமெரிக்காவின் டென்வரில் டக்ளஸ் ஹவ்ரி, நோயாளியை நீர்த்தொட்டியில் அமர்த்திப் படமெடுக்கும் முறையை அதற்கு முன்பே உருவாக்கியிருந்தார். படம் நன்றாகவே இருந்தது. எழுந்து உட்கார முடியாத நோயாளிக்குத்தான் அது ஒத்துவராது. தோலில் ஆலிவ் எண்ணெயைத் தடவிக் கருவியை நேரடியாக வைத்த கிளாஸ்கோ முறையே நிலைத்தது.

அடுத்த கேள்வி, எவ்வளவு குறைந்த நீரைக் கண்டறியலாம் என்பது. 1970இல் பாரி கோல்ட்பர்க் குழுவினர், 100 மில்லிலிட்டர் அளவு நீரைக்கூட அல்ட்ராசவுண்ட் காட்டிவிடும் என்று தெரிவித்தார்கள். தட்டிப் பார்ப்பதற்குத் தேவைப்பட்டதில் அது பதினைந்தில் ஒரு பங்கு. அதே ஆண்டு மார்ட்டன் மேயர்ஸ், வயிற்றறைக்குள் நீர் எந்தப் பாதையில் ஓடுகிறது என்பதை எக்ஸ்ரேயில் வரைந்து காட்டினார். நீர் முதலில் இடுப்புக்குழியில் தேங்கும். பிறகு பெருங்குடலின் வலப்பக்க ஓரமாக மேலேறி, கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே உள்ள இடுக்கை அடையும். நியூகாசல் அறுவை மருத்துவர் ரதர்ஃபோர்டு மாரிசன் பெயரால் அறியப்படும் அந்த இடுக்குத்தான், இன்று ஸ்கேன் செய்பவர் நீரைத் தேடி முதலில் பார்க்கும் இடங்களுள் ஒன்று.

1970களில் வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக இருந்த படத்துக்குச் சாம்பல் நிறப் படிநிலைகள் வந்தன. அசையும் படமும் பரவியது. அதே பத்தாண்டின் நடுவில் சி.டி. ஸ்கேன் தலையிலிருந்து உடல் முழுவதற்கும் விரிந்தது. அதில் அடர்த்தியைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுகோலில் நீர் 0, காற்று மைனஸ் 1000. புதிய ரத்தம் 30க்கு மேல். இதனால் வயிற்றில் உள்ளது தெளிந்த நீரா, ரத்தமா என்பதை ஓரளவு எண்ணாலேயே சொல்ல முடிந்தது. விபத்தில் அடிபட்டவரின் வயிற்றில் ரத்தம் கசிகிறதா என்று அறிய 1965 முதல் குழாய் செருகிக் கழுவிப் பார்த்துவந்தார்கள். 1990களில் அந்த வேலையைப் பெரும்பாலும் படுக்கையருகே செய்யும் சில நிமிட அல்ட்ராசவுண்ட் ஏற்றுக்கொண்டது.

நீர் ஏன் வந்தது என்பதற்குப் படம் பாதி விடைதான் தரும். சுருங்கிய கல்லீரலையும் வீங்கிய மண்ணீரலையும் அது காட்டும். நீருக்குள் மெல்லிய இழைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடினால், காசநோய் அதிகமுள்ள இந்தியா போன்ற நாடுகளில் வயிற்றுக் காசநோயைச் சந்தேகிப்பார்கள். ஆனால் புற்றுநோயும் அப்படித் தோன்றலாம். எனவே அல்ட்ராசவுண்டில் இடம் பார்த்து, குடலையும் ரத்தக்குழாயையும் தவிர்த்து, ஊசியால் நீரை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். ரத்தத்தில் உள்ள அல்புமின் அளவிலிருந்து அந்த நீரில் உள்ளதைக் கழிக்கும்போது 1.1 கிராமோ அதற்கு மேலோ (ஒரு டெசிலிட்டருக்கு) வந்தால், கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயின் அழுத்தம் கூடியிருக்கிறது என்று பொருள். கல்லீரல் சுருக்கமும் இதயத் தளர்ச்சியும் இந்த வகையில் சேரும். அதற்குக் கீழே என்றால் வயிற்று உறையின் காசநோயையோ அங்கு பரவிய புற்றுநோயையோ தேடத் தொடங்குவார்கள்.