ஏழடிக்கு இரண்டு அங்குலம் குறைவு



போன வாரம் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உறவுக்காரப் பெண் பிள்ளை ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு. நல்ல உயரம். எதிரில் இருந்த பெரியம்மா ஒருவர், "இன்னும் வளர்ந்தா மாப்பிள்ளைக்கு எங்கடி போறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. வரலாற்று வாத்தியார் ஆயிற்றே, அவளுக்கு ஒரு வரலாறு சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண். உயரம் 208 சென்டிமீட்டர். ஏழடிக்கு இரண்டு அங்குலம்தான் குறைவு. போர்க்காலத்தில் வளர்ந்து, மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவருடைய விளையாட்டு வலைப்பந்தாட்டம்.

நம் பள்ளிகளில் எறிபந்தும் வளையப்பந்தும்தான் அதிகம் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஓர் அணிக்கு ஏழு பேர். கூடைப்பந்து போலவே வளையம் பத்தடி உயரத்தில் இருக்கும். ஆனால் பின்னால் பலகை கிடையாது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது. கைக்கு வந்த பந்தை மூன்று விநாடிக்குள் விட்டுவிட வேண்டும். ஏழு பேரில் இரண்டு பேர்தான் கோல் போடலாம். அதில் முன்னணியில் நின்றவர் தர்ஜினி. தோழிகள் உயரத் தூக்கிப் போட்ட பந்தை எதிரணிக்காரர் எட்டவே முடியவில்லை.

போர் முடிந்த 2009இல் இலங்கை ஆசியச் சாம்பியன் ஆனது. 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் சிறந்த கோல் வீராங்கனை இவர்தான். அதன் பிறகு ஆஸ்திரேலியா. மெல்போர்னில் சிட்டி வெஸ்ட் பால்கன்ஸ் அணிக்கு ஆடினார். 2018இல் காலிங்வுட் அணி, சூப்பர் நெட்பால் என்ற தொழில்முறைத் தொடருக்கு அவரை எடுத்துக்கொண்டது. அந்தத் தொடரில் இடம்பெற்ற முதல் இலங்கையர் அவர். அதே ஆண்டு நாட்டு அணிக்குத் திரும்பி வந்து ஆடினார். இறுதியாட்டத்தில் சிங்கப்பூரை 69-50 என்று வென்று இலங்கை மீண்டும் ஆசியச் சாம்பியன் ஆனது. 2019இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் உலகக் கோப்பை. 16 அணிகளில் இலங்கைக்கு 15ஆவது இடம். ஆனாலும் அந்தப் போட்டியில் அதிக கோல் போட்டவர் தர்ஜினி: 348.

தமிழர், சிங்களவர் என்று நாடே பிளந்து கிடந்த காலத்தில், ஒரு தமிழ்ப் பெண்ணை நம்பி மற்ற ஆறு பேரும் பந்தைத் தூக்கிப் போட்டார்கள். அதையும் நாம் வரலாறு என்றுதான் எழுத வேண்டும்.

இனி என் கணக்கு. பல வருஷங்களுக்கு முன் என் வகுப்பிலும் நெடுநெடுவென்று ஒரு பெண் இருந்தாள். ஆண்டுவிழா நடனத்தில் வரிசை சரியாக வரவில்லை என்று அவளை நிறுத்தியது நான்தான். "நீ திரையைப் பிடிச்சு இழும்மா, உனக்குத்தான் எட்டும்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அடுத்த வருஷம் எந்த விளையாட்டுக்கும் அவள் பேர் கொடுக்கவில்லை. காரணத்தை நான் கேட்கவும் இல்லை.

அம்மா, நீ இதைப் படித்தால் இந்த வாத்தியாரை மன்னித்துவிடு. உன் வீட்டில் உயரமான பிள்ளை இருந்தால், பக்கத்து மைதானத்துக்கு அனுப்பி வை.

கல்யாண வீட்டுப் பிள்ளை கிளம்பும்போது கேட்டாள்: "தாத்தா, நம்ம புவனகிரியில அந்த விளையாட்டு எங்க கத்துத் தராங்க?"

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அழைத்துப் போக நான் தயார்.