ப்ராக்ரஸ் டயலாக்: ஒரு சின்னப் பெட்டியின் வரலாறு

காத்திருப்பது யாருக்கும் பிடிக்காது. ஆனால் இன்னும் எவ்வளவு பாக்கி என்று தெரிந்தால் பாதி எரிச்சல் போய்விடும். இதைக் கணினியில் சோதித்துப் பார்த்தவர் பிராட் மையர்ஸ். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, 48 மாணவர்களைத் தகவல் தேடச் சொன்னார். சில தேடல்களில் திரையில் முன்னேற்றப் பட்டை இருந்தது, சிலவற்றில் இல்லை. 86 சதவீதம் பேர் பட்டை பிடித்திருக்கிறது என்றார்கள். ஆய்வு 1985-ல் வெளியானது.

2008-ல் ஆண்ட்ராய்டு 1.0 வந்தபோதே ப்ராக்ரஸ் டயலாக் அதில் இருந்தது. அதை நகர்த்துவதுதான் தலைவலி.

ஒரு வங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் இருப்பவரே உள்ளே போய் லெட்ஜரைப் புரட்டினால் வரிசை அப்படியே நின்றுவிடும். ஆண்ட்ராய்டில் அந்தக் கவுண்டர்தான் மெயின் த்ரெட். திரையைத் தொட்டு 5 வினாடி பதில் இல்லை என்றால், செயலி பதிலளிக்கவில்லை என்று சிஸ்டமே சொல்லிவிடும். அதனால் டவுன்லோடு போன வேலைகள் பின்னணி த்ரெட்டுக்குப் போயின. ஆனால் அந்த த்ரெட் நேரடியாகத் திரையை மாற்றக் கூடாது. மாற்றினால் செயலி கிராஷ் ஆகும். ஹேண்ட்லர் மூலம்தான் சேதி அனுப்ப வேண்டும்.

இதை எளிதாக்க 2009 ஏப்ரலில் ஆண்ட்ராய்டு 1.5-ல் வந்தது ஏசிங்க்டாஸ்க். உள்ளே வேலை செய்ய 'டூஇன்பேக்கிரவுண்ட்', சேதி அனுப்ப 'பப்ளிஷ்ப்ராக்ரஸ்', கவுண்டரில் அதை வாங்கிப் பட்டையை நகர்த்த 'ஆன்ப்ராக்ரஸ்அப்டேட்'. புதிதாகக் கற்பவர்கள் கூட பத்து இருபது வரிகளில் எழுதிவிட முடிந்தது.

சிக்கல் போனைத் திருப்பியபோது வந்தது. திரை படுக்கைவாட்டுக்கு மாறினால் ஆண்ட்ராய்டு பழைய பக்கத்தை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கும். பின்னணியில் இருப்பவருக்கு அது தெரியாது. இடித்த கவுண்டருக்கே சீட்டு கொண்டு வருவார். மெமரி வீணாகும், பழைய டயலாக்கை மூடப் போனால் கிராஷ்.

2017-ல் ஆண்ட்ராய்டு 8.0 வந்தபோது ப்ராக்ரஸ் டயலாக்கை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்றது கூகுள். வேலை முடியும் வரை வேறு எதையும் தொட விடாமல் பயனரை அது மறிக்கிறது என்பதே காரணம். பக்கத்துக்குள்ளேயே ஒரு பட்டை வைத்தால் போதும் என்றார்கள். 2020-ல் ஆண்ட்ராய்டு 11-ல் ஏசிங்க்டாஸ்க்கும் அதே பட்டியலில் சேர்ந்தது. அந்த இடத்துக்குக் கோட்லின் கோருட்டீன்கள் வந்தன.

கருவிகள் மாறினாலும் கவுண்டர் விதி மாறவில்லை. உள்ளே வேலை நடக்கட்டும். வெளியே நிற்பவருக்கு உண்மை நிலவரம் தெரிந்தாக வேண்டும். ஆனால் அதற்காக அவரைக் கட்டிப்போடக் கூடாது. பெட்டி தோற்றது அங்கேதான்.